பதினொரு குடும்பங்களின் பட்டியல்

நோர்வேயில் எல்லாவற்றிலும் பெயர் எழுதுகிறார்கள். கடிதப் பெட்டியில் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரும் இருக்கும். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குளிர்ச்சட்டையைக் கொழுவும் கொக்கிக்கு மேலேயும் இருக்கும். வீதியால் போகிற எவரும் எங்கள் கட்டடத்தின் முன் நின்று, எந்த மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுப் போகலாம். வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் பெட்டியில் கணவரின் பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. என் பெயரும் மகள் வாணியின் பெயரும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

வாணிக்குப் பன்னிரண்டு வயது. நடக்க முடியாது, பேச்சும் இல்லை. இப்படியான பிள்ளைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை நகரசபைக் கட்டடத்தில் கூடுவார்கள். கோப்பி, கறுவாப் பணிஸ், வட்டமாகப் போட்ட கதிரைகள். அதை நடத்தும் இங்கிரிட் என்ற பெண் முதல்நாளே வாசலில் ஒரு தாளை நீட்டினாள். பெயர், விலாசம், தொலைபேசி, வீட்டில் இருப்பவர்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் கதைத்துக்கொண்டே எழுதிவிட்டு உள்ளே போனார்கள். நான் பேனையை வாங்கினேன். முதல் கட்டத்துக்கு மேலே அதைப் பிடித்தபடி நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நான் எழுதித் தரட்டுமா?" என்றாள். "வேண்டாம், பெயர் வேண்டாம்" என்றேன் எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில். அவள் என் தோளைத் தொட்டு, எல்லாம் விளங்கியவள் போலத் தலையாட்டினாள். அடுத்த மாதம் ஒரு கடிதம் தந்தாள். எழுத வாசிக்கத் தெரியாத குடியேறிகளுக்கு இலவச வகுப்பாம். திருகோணமலையில் ஒன்பது வருடம் பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அ எழுதப் பழக்கியவள் நான். நன்றி சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல அந்த மொழி எனக்குப் போதாது. தமிழிலும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வாணி ஊரடங்கு நாளொன்றில் பிறந்தவள். வாகனம் கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பிந்திவிட்டது. மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார் டொக்டர். கணவர் அதற்குப் பிறகு நோர்வேக்குப் போய்விட்டார். கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பா. அந்த அறைக்கு வெளியே உட்காரப் போட்டிருந்த வாங்கில்தான் செல்வராணியையும் பரீதாவையும் கண்டேன். செல்வராணி உப்புவெளி, புருசன் மீன்பிடி, மகள் தர்சினி வாணியைவிட மூன்று வயது இளையவள். பரீதா கிண்ணியாவிலிருந்து மகன் நிஸாமை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் துறையைக் கடந்து வருவா. ஒருநாள் போனபோது அறை பூட்டியிருந்தது. மிஸ்ஸுக்கு இடமாற்றம், வேறு ஆள் வர மாட்டார்கள் என்றார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகளோடு நின்றோம். "மிஸ் செய்ததெல்லாம் எனக்குப் பாடம். சனிக்கிழமை என்ட வீட்டை வாங்கோ" என்றேன்.

உவர்மலையில் என் வீட்டு முன்னறையில் பாய் விரித்தோம். மூன்று பேர் ஐந்தாகி, பிறகு பதினொன்று ஆனோம். எண்ணெய் பூசி, எண்ணிக்கை சொல்லி, கால்களை மடித்து நீட்டுவோம். சீனன்குடாவிலிருந்து விமானம் கிளம்பினால், அல்லது துறைமுகத்தில் வெடிச்சத்தம் கேட்டால், பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விறைத்துப்போவார்கள். பதினொரு தாய்மாரும் குனிந்து அணைத்துக்கொள்வோம். "எங்கட பக்கத்தில விசேச வீட்டுக்கு இவனக் கொண்டு வராதங்க எண்டுதான் சொல்லுறாங்க டீச்சர். இஞ்ச வந்தாத்தான் இவனும் ஒரு புள்ள" என்று பரீதா சொன்னது நினைவிருக்கிறது. நாங்கள் சிரித்திருக்கிறோம். அதையும் எழுத வேண்டும்.

அப்போதுதான் ஒரு நிவாரண அலுவலகத்தில் பால்மாவும் வீல்செயாரும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய் விசாரித்தேன். பட்டியல் கொண்டுவரச் சொன்னார்கள். பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், விலாசம், சொந்த ஊர். நான் றூள் பிடித்துக் கோடு கீறி, 'சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள்' என்று தலைப்பிட்டு, வடிவான எழுத்தில் எழுதினேன். செல்வராணியின் புருசனுக்குச் சொந்த ஊர் சம்பூர். அந்த நாளில் அது இயக்கத்தின் கையிலிருந்த ஊர், அந்த ஊரின் பெயரே ஒரு ஆளைச் சந்தேகிக்கப் போதும். எழுதும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் இராணுவக் காவலரணில் என் பையைக் கொட்டினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் விரலை வைத்து மெதுவாக வாசித்தான்.

"இவ்வளவு ஆள் ஏன் உங்க வீட்டுக்கு வாறது?"

"பிள்ளையளுக்குக் கை கால் ஏலாது. பயிற்சி செய்யினம்."

"பயிற்சியா?" என்றான். ஆயுதப் பயிற்சிக்கும் அதே சொல்தான்; அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "நாளைக்கு வந்து எடுங்க."

அடுத்தநாள் அங்கே வேறு ஆட்கள் நின்றார்கள். தாளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு பட்டியல் எழுதினேன். பழையது பறிபோனதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பயந்துவிடுவார்கள், வராமல் விடுவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். செல்வராணி எனக்குச் சூடை மீன் கொண்டுவந்தா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதன்கிழமை அவவின் புருசன் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் ஒரு வேலியில் சாத்தியபடி கிடந்தது. யார் கொண்டுபோனது, ஏன் என்று எவரும் சொல்லவில்லை. செல்வராணி தர்சினியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினா. அடுத்த சனிக்கிழமை என்னிடம் வந்தா. பாயில் இருக்கவில்லை.

"அக்கா, அந்தத் தாளில அவற்ற ஊரையும் எழுதினனீங்களே?"

"ஓம்."

"அது இப்ப எங்க?"

நான் சொன்னேன். அவ பிள்ளையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனா. எனக்கு இன்றுவரை தெரியாது, அந்தத் தாளாலா அவரைப் பிடித்தார்கள், அல்லது வேறு காரணத்துக்கா என்று. தாளால் இல்லை என்று சொல்லவும் எவருமில்லை.

மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். பரீதா மட்டும் ஒருமுறை வந்தா, நிஸாமைக் கொண்டுவராமல். "என்ட பேர அதுல இருந்து வெட்டிருங்க டீச்சர்" என்றா. தாள் என்னிடம் இல்லை என்று அவவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டா. நான் "வெட்டிவிடுறன்" என்றேன்.

விசா கிடைத்ததும் உப்புவெளிக்குப் போனேன். செல்வராணி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. தர்சினியை ஒரு கதிரையில் சேலைத் துண்டால் கட்டி இருத்தியிருந்தா. கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னி இறுகியிருந்தன. பிள்ளை என்னை அடையாளம் கண்டு சிரித்து, பயிற்சிக்குத் தருவது போலக் கையை நீட்டினாள். செல்வராணி வந்து கதிரையோடு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. நான் வந்த வழியே திரும்பினேன்.

போன வருடம் வாணிக்குப் பெரிய சக்கர நாற்காலி தந்தார்கள். பழையதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நான் ஒப்படைக்கவில்லை. தர்சினிக்கு அது அளவாக இருக்கும் என்று நிலக்கீழ் அறையில் துடைத்து வைத்தேன். கப்பலில் கொழும்புவரை அனுப்பலாம் என்றார்கள். அங்கிருந்து யார் கொண்டுபோவது, செல்வராணி வாங்குவாவா என்று யோசித்து யோசித்து மாதங்கள் போயின. கடைசியில் ஒருவர் மூலமாக, கிண்ணியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் பரீதாவை வரச்செய்து கதைத்தேன். "அங்க புள்ளைக்கு எல்லாம் கிடைக்குதா?" என்று கேட்டா. கட்டில், கதிரை, பஸ், பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டு போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பிறகு நாற்காலி விசயத்தைச் சொன்னேன்.

"அது இனித் தேவயில்ல டீச்சர். மழைக்குள்ள நெஞ்சுச்சளி புடிச்சு, அந்தப் புள்ள மவுத்தாப் போயிட்டு."

"செல்வராணி என்னைப்பற்றி ஏதும் கதைச்சவவா?"

"இல்ல. ஒண்டும் கதைக்கல்ல."

இங்கே சண்டைச் செய்தியைத் தினமும் கேட்கிறோம். நான் கடற்கரைப் பக்கத்து ஊர்களின் பெயர்களுக்குக் காதை நீட்டுகிறேன், பிறகு வானொலியை நிறுத்திவிடுகிறேன். வாணியின் கால்களை இன்னும் நானே மடித்து நீட்டுகிறேன். நேற்று நகரசபையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் கோபமில்லை. புதியது வந்து ஒரு வருடமாகிவிட்டதே, பழைய சின்ன நாற்காலி ஏன் இன்னும் உங்களிடம் இருக்கிறது, அதைப் பாவிக்க வீட்டில் வேறொரு பிள்ளையும் இருக்கிறாளா என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மறுபடியும் கேட்டாள். தர்சினியின் பெயரைச் சொல்லாமல், தமிழிலேயே இன்னொருமுறை "ஓம்" என்றேன்.