சாமந்தி வாணம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் மொட்டைமாடி வரை வெடிமருந்து வாசனை. கோயில் வாணம் ஒன்று மேலேறிச் சாமந்திப்பூவாக விரிகிறது. எனக்குச் சின்ன வயதில் கல்வராயன் மலையில் எங்கள் வீட்டருகே இருந்த பாறை ஞாபகம் வருகிறது.

"நாங்க கீழ நின்னு வாணத்தப் பாக்குறோம், முழு வட்டம் தெரியும். மலை மேல உனுக்கு இன்னா தெரியும்? தட்டைப் பக்கவாட்டுல பாத்தாப்புல ஓரந்தான்" என்றாள் கூடப் படித்த நசீமா, டவுன் கடைக்காரர் மகள். எனக்கு அழுகை முட்டியது.

திருவிழா அன்று அம்மாவோடு பாறையில் காத்திருந்தேன். தூரத்தில், எங்கள் காலுக்குக் கீழே, சத்தமே இல்லாமல் வாணம் விரிந்தது. முழு வட்டம்!

"நம்ம பக்கம் திரும்பிக்கினு வெடிச்சிருக்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் நசீமாவிடம் கேட்டேன். அவளுக்கும் முழு வட்டம்தானாம். திடீரென்று கத்தினாள்: "அப்போ அது தட்டு இல்லடி, பந்து!"

அடுத்த வாணம் விரிகிறது. நான் மலைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே நிற்பவர்களுக்கும் இது முழுப் பூதான்.