துருத்திய விறகு

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், மழையில் நனைந்த உடைமர விறகின் புளித்த வாடை அடித்ததும் என் கால் தானாகப் பின்வாங்கியது. ஊரில் எங்கள் வீட்டில் இப்போது பைக் நிறுத்துகிற இடத்தில்தான் அப்போது விறகுப்புரை இருந்தது. அம்மா அடுக்கினால் வெட்டுமுனைகள் எல்லாம் சுவர்போல ஒரே மட்டத்தில் நிற்கும்; அது அழகுக்காக அல்ல, ஒரு விறகு விரற்கடை துருத்தினாலும் உள்ளே பாம்பு புகுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். தினமும் சாயங்காலம் விறகெடுக்கப் போகும் நான், கண்ணுக்கு இருட்டுப் பழகும்வரை வாசலிலேயே நின்று, கரையான் மண்ணும் எலிப்புழுக்கையும் நாறும் அந்தக் காற்றில் மூச்சடக்கி, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவேன்.

ஒரு நாள் நடுவரிசையில் ஒன்று துருத்தி நின்றது.

“ஏட்டி, தொடாத. பூச்சி கெடக்கும். பைய பின்னால வா,” என்றாள் எனக்குப் பின்னால் வந்த அம்மா. பொழுது சாய்ந்தால் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வாள். கம்பால் தட்டிப் பார்த்தாள், எதுவும் வரவில்லை. கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். அன்று பனையோலையை எரித்துத்தான் சோறு பொங்கினோம்.

காலையில் திறந்தபோது அந்த விறகு மற்றவற்றோடு ஒரே மட்டத்தில் இருந்தது.

“நீயா உள்ள தள்ளுன?”

அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.