ஊலயூ பெயர் சொல்கிறாள்

மைக்கின் பொத்தானை ஊலயூ முழங்கையால்தான் அமுக்குவாள். கைகள் இரண்டிலும் எப்போதும் வேலை இருக்கும். ஒன்றில் ஊசி, இன்னொன்றில் சீல் என்னும் கடல்நாயின் தோலில் பாதி தைத்த காலணி, நூலின் நுனி பல்லிடுக்கில். "துப்பிர்விக் ரேடியோ. மணி ஒம்பது. கேக்குதா? கேக்கலேன்னா பொட்டிய ஒரு தட்டு தட்டுங்க" என்பாள். கேட்காதவர்களுக்கு இந்த யோசனை எப்படிக் கேட்கும் என்று பதினெட்டு வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

வடதுருவப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. ஊர் அலுவலகத்தின் கடைசி அறைதான் வானொலி நிலையம். ஜன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும் விரிகுடா, உள்ளே ஒரு மேசை, ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியை எடுத்தால் பேச்சு நேராக ஒலிபரப்பில் போய்விடும். பாதிரியார் ஒருமுறை தன் மூலநோயைப் பற்றி மருத்துவமனைக்குச் சொல்லவேண்டியதை எண் மாற்றி அழுத்தி ஊருக்கே சொல்லியிருக்கிறார். அவர் முடிக்கும்வரை ஊலயூ குறுக்கிடவில்லை. "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் அறிவிப்புகள். எலைஜா வீட்டில் சீல் அறுத்துப் போட்டிருக்கிறது, வேண்டியவர்கள் கத்தியோடு வரலாம். பள்ளிக்கூட வாசலில் ஒற்றைக் கையுறை கிடக்கிறது. "எடது கையோடது. யாரோ ஒருத்தருக்கு வலது கை மட்டும் சூடா இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க." நடுநடுவே காய்ந்த மீனைக் கடித்துக்கொள்வாள். கடிக்கும் சத்தம் எல்லா அடுக்களைகளிலும் கேட்கும். அதைக் கேட்டபிறகுதான் பல வீடுகளில் காலைப் பசியே எடுக்கும்.

அவளிடம் ஒரு கோளாறு உண்டு. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்குப் புருவத்தைத் தூக்குவோம், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவோம். ஊலயூ வானொலியிலும் அதையே செய்வாள். யாராவது கூப்பிட்டு, "இன்னிக்கு ப்ளேன் வருதா?" என்று கேட்பார்கள். பதில் இருக்காது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "தூக்குனியா, சுருக்குனியா?" என்பார்கள். "சுருக்கினேன்" என்பாள், இதைக்கூடக் கேட்கவேண்டுமா என்ற குரலில்.

தினமும் முதல் அழைப்பு மோசஸியுடையது. எழுபத்தெட்டு வயது, காதில் பாதி போய்விட்டது, குரல் மட்டும் முழுசாக இருக்கிறது. அவருடைய அக்கா ஊலயூ இறந்த மறுமாதம் பிறந்தவள் என்பதால் இவளுக்கு அந்தப் பெயர். எங்கள் வழக்கத்தில் இறந்தவரின் பெயரோடு உறவும் கூடவே வந்துவிடும். ஆகவே ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அவர் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். இவளுக்கு அவர் "தம்பி". தொட்டில் நாளிலிருந்து அப்படித்தான்.

"அக்கா, பாட்டுச் சத்தம் பத்தல."

"தம்பி, ஒன் காதுக்குத்தான் பத்தல. தொப்பிய ஏத்திவிட்டுக் கேளு."

மறுமுனையில் தொப்பியை ஏற்றிவிடும் நேரம். "இப்பக் கேக்குது."

ஆனால் ஊர் வானொலியை அணைக்காமல் வைத்திருப்பது பத்து மணிக்காக. பத்து மணிக்குத்தான் ஊலயூ பெயர் சொல்வாள். அன்றைக்குப் பிறந்தநாள் யாருக்கு என்பதோடு அவள் நிறுத்துவதில்லை. அந்தப் பெயர் யாரிடமிருந்து வந்தது, அவர் எப்படிச் சிரிப்பார், எதைத் தின்னமாட்டார், இப்போது பெயரை வைத்திருப்பவரிடம் அவருடையது எவ்வளவு வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். குறிப்பேடு கிடையாது. நானூறு பேர், நானூறு பேருக்கும் குறைந்தது இரண்டு பெயர், எல்லாம் தலைக்குள்.

"இன்னிக்குக் கடைக்கார ஈனூக்கிக்கு நாப்பத்தொண்ணு. பேரு யாரோடது? படகுல ஏறினா எறங்க மறந்துடுவாரே, அந்தப் பெரிய ஈனூக்கியோடது. இவன் கடையப் பூட்டிட்டுச் சாவிய உள்ளயே மறந்துடறான். பேரு சும்மா விடாது." ஈனூக்கியின் தாய் அவனை இன்றைக்கும் "அப்பா" என்றுதான் அழைக்கிறாள், அவள் தகப்பனார் பெயர் என்பதால். அவன் என்ன தப்பு செய்தாலும் அவளால் திட்ட முடியாது. ரொம்பக் கோபம் வந்தால் வானொலிக்குப் போன் போட்டு, "எங்கப்பாகிட்ட யாராவது சொல்லுங்க, மூணு நாளா அதே சட்டை" என்பாள்.

ஊலயூவின் குடும்பப்பெயருக்கும் கதை உண்டு. அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்திருந்த எண்ணுக்குப் பதிலாக எல்லாருக்கும் குடும்பப்பெயர் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போக ஆள் வந்த காலத்தில், துப்பாக்கிச் சத்தத்தில் காது மந்தமான அவள் அப்பா, "சுவா?" என்றாராம். எங்கள் பேச்சில் அதற்கு 'என்னது?' என்று அர்த்தம். வந்தவர் எழுதிவிட்டார். விஷயம் தெரிந்து, எழுதியதை அவர் அடிக்கப் போனபோது அப்பாதான் தடுத்தார். "இருக்கட்டும். யாரு கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்ட மாதிரி இருக்கும்." அன்றிலிருந்து அவர்கள் 'என்னது' குடும்பம். ஊலயூ என்னது, அவள் கூடப்பிறந்த தம்பி நௌயா என்னது.

அந்த நௌயாவைப் பற்றி மட்டும் அவள் வானொலியில் பேசியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஜூன் மாதம், பனிப்பாளம் மெலிந்துகொண்டிருந்த நேரத்தில், விரிகுடாவைக் குறுக்கே கடந்தவன் பனி உடைந்து பனிவண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டான். வயது நாற்பது, மணமாகவில்லை. நௌயா என்றால் கடற்காகம். அந்தப் பெயரை அதற்குப்பிறகு பிறந்த எந்தக் குழந்தைக்கும் யாரும் வைக்கவில்லை. வேண்டாம் என்றல்ல. நெருங்கிய உறவு கோடிகாட்டாமல் எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று ஊர் காத்திருந்தது. மைக் கையில் இருக்கிறது என்பதற்காகத் தன் தம்பியின் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்பது அழகில்லை என்று ஊலயூ காத்திருந்தாள். இப்படியே ஆறு வருடம். அதற்குள் முப்பத்தொரு குழந்தைகளுக்குப் பெயர் அறிவித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அறிவித்து முடித்தவுடன் ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

சென்ற மார்ச்சில் ஒருநாள் மோசஸி கூப்பிட்டார். சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, எல்லாருக்கும் பேரு சொல்ற. நௌயாவ எங்க விட்ட?"



"இப்ப ஒரு அக்கார்டியன் பாட்டு" என்றாள் ஊலயூ.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பாட்டு ஆரம்பிச்சுடுச்சு தம்பி." ஆரம்பிக்கவில்லை. அவள் இன்னும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஊர் முழுக்க அதைக் கேட்டது. எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த ஷீபாவும் கேட்டாள், மறுநாள் விமானமேற மூட்டை கட்டிக்கொண்டே. எங்கள் பெண்கள் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே, பெரிய மருத்துவமனை இருக்கும் இக்காலுயிட்டு நகரத்துக்குப் போய், அங்கே விடுதியில் நாள் எண்ண வேண்டும்.

ஏப்ரல் பாதியில், பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"ரேடியோவா?"

"ரேடியோதான். வாயில நூலு இருக்கு, நீ பேசு."

"அத்தை, நான் ஷீபா. பொறந்துடுச்சு. பொண்ணு."

"தலையில முடி?"

"நெறைய. அத்தை, இது எல்லாருக்கும் கேக்குதா?"

"நம்மகிட்ட இருக்கறது ஒரே போனு. எல்லாருக்கும்தான் கேக்கும்."

"சரி, பரவால்ல. இந்த நம்பர் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வலி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கனவு கண்டேன். நௌயா மாமா வந்தாரு. பூட்ஸக்கூடக் கழட்டாம நேரா உள்ள வந்து டீ கேட்டாரு. குடுத்தேன். சக்கர பத்தலன்னாரு. நாலு ஸ்பூன் போட்டேன். அப்பவும் பத்தலன்னாரு."

"ஆறு போடணும் அவனுக்கு" என்றாள் ஊலயூ. ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது.

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? காலைலே எந்திரிச்சு அம்மாகிட்ட கேட்டேன், அவங்களும் ஆறுன்னுதான் சொன்னாங்க. அம்மாவுக்கு அவங்க சித்தி பேரு வெக்கணும், அதையும் வெச்சுட்டோம். ஆனா மொதப் பேரு நௌயாவா இருக்கணும்னு எனக்கு. ஒங்களக் கேக்காம வெக்க மனசு வரல. வெக்கலாமா அத்தை?"

வானொலியில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வீடுகளில் பெட்டியைத் தட்டினார்கள். கடையில் ஈனூக்கி சாமான் எடுத்துக்கொடுப்பதை நிறுத்தினான். வரிசையில் நின்றவர்களும் அவசரப்படவில்லை. மோசஸி தொப்பியைக் கழற்றியே வைத்துவிட்டார்.

"அத்தை," ஷீபாவின் குரல் இறங்கி வந்தது. "தூக்குனீங்களா, சுருக்குனீங்களா?"

"தூக்கினேன்" என்றாள் ஊலயூ. "எப்பவோ தூக்கியாச்சு. இன்னும் எறக்கல."

பிறகு அக்கார்டியன் போட்டாள். முடிந்ததும் அதையே திரும்பப் போட்டாள். மூன்றாவது முறை ஓடும்போது மோசஸி கூப்பிட்டார்.

"அக்கா, மூணாவது தடவ."

"தெரியும் தம்பி."

"சரி. ஓடட்டும்."

பத்தரைக்குத்தான் அவள் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஷீபாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பேரு நௌயா. யாரோடது? எங்க நௌயாவோடது." அப்புறம் நிற்கவில்லை. பனிவண்டியில் பின்னால் போகத் தெரியாதவன் அவன், அதனால் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப ஊரையே சுற்றி வருவான் என்றாள். ரொட்டி வாங்கிவரக் கடைக்கு அனுப்பினால் கிதாரோடு வந்ததைச் சொன்னாள். ஒரு வசந்தத்தில் வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில், தன்னுடையதென்று நினைத்து மோசஸியின் சறுக்குவண்டியைப் பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனான். உள்ளே வெயிலுக்கு மான்தோலைப் போர்த்திக்கொண்டு மோசஸி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, நடுப் பனிப்பாளத்தில், பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்கப்பா போறோம்?" நௌயா பேயென்று பயந்து வண்டியை விட்டுவிட்டு ஓடினானாம். ஊலயூ சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அந்தச் சத்தமும் எல்லா அடுக்களைகளிலும் கேட்டது. மறுமுனையில் மோசஸி, "நான் அவன்கிட்டச் சொன்னேன், வந்தது வந்தாச்சு, ஒரு சீலாவது அடிச்சுட்டுப் போவோம்னு" என்று தன் பங்கைச் சேர்த்தார். அன்றைய அறிவிப்புகள் பாதியில் நின்றன. தொலைந்த நாய் ஒன்று தானாகவே வீடு திரும்பியிருந்தது.

புயலால் இரண்டு நாள் தள்ளி, ஒரு சனிக்கிழமை மதியம் விமானம் வந்தது. வானொலியில் ஆளில்லை, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தின் ஒற்றை அறையில் பாதி ஊர் இருந்தது. ஷீபா, முதுகில் குழந்தைக்கென்று பை தைத்த கோட்டிலிருந்து குழந்தையை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போல் எல்லாரும் வரிசையாக வந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஈனூக்கி குலுக்கினான். அவன் தாய் குலுக்கினாள். மோசஸி குனிந்து, "இந்தத் தடவ பாத்துக் கட்டு, யாரு வண்டின்னு" என்று சொல்லிவிட்டுக் குலுக்கினார்.

"பொண்ணப் போயித் தம்பின்னு கூப்பிடப் போறியா?" என்று யாரோ ஊலயூவைச் சீண்டினார்கள்.

"எழுபத்தெட்டு வயசு ஆளையே கூப்பிடறேன்" என்றாள் அவள், திரும்பாமல். "இது சுலபம்."

கடைசியாக அவள் முறை வந்தது. கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கையைக் குலுக்கினாள். கன்னத்தில் மூக்கை வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. ஊலயூ அதன் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளி, ஆறு வருடமாக வீட்டுக்கு வராத தம்பியின் தலையில் வைக்கவேண்டிய குட்டு ஒன்றை, ஒற்றை விரலால், தொட்டும் தொடாமலும் அந்த நெற்றியில் வைத்தாள்.