இரண்டாவது பிரேக்

முப்பது வயதுக்குள் வாழ்க்கை தனக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கற்றதில் எதையெல்லாம் தூக்கிப் போட வேண்டியிருந்தது என்று ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிற பெண்ணைக் கேளுங்கள், சொல்வாள். நான் அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவன். போனை எடுப்பதும் மற்ற நேரத்தில் எல்லாரையும் கரித்துக்கொட்டுவதும் என் வேலை.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பிரேக்கு’. பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் ஆபத்து என்றால்தான் அதை மிதிப்பார்கள். இவள் கால் அதன் மேலேயே குடியிருக்கும்.

அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவளுக்குப் பதினாறு வயதில் அப்பா திடீரென்று இறந்துபோனார். அம்மா இடிந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிட்டார். கேஸ் தீர்ந்ததா, தம்பிக்கு ஷூ கடிக்கிறதா, கதவைப் பூட்டியாயிற்றா, எல்லாம் இவள் தலையில். நாம் பார்க்காவிட்டால் வீடு கவிழ்ந்துவிடும் என்பது அப்போது அவள் கற்ற பாடம். அது உண்மையும்கூட. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கி வருஷக்கணக்கான பிறகும் அவள் அந்தப் பாடத்தை விடவில்லை. அம்மா கடைக்குப் போனால் பின்னாலேயே போன் போகும்.

அந்த அம்மா இந்த வருஷம் தானாகவே ஒரு வேலை பிடித்தார். குழந்தைகள் காப்பகத்தில் சின்ன வேன் ஓட்ட வேண்டும். ஐம்பது வயதில் முதல் வேலை! என்னிடம் சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரித்தார். மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மகளே சொல்லிக்கொடுத்தாள். அம்மா ஜோராக ஓட்டினார். சிக்னலில் வண்டி பூப்போல நின்றது. டெஸ்ட் அன்று மகள் உட்காரும் இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். நிறுத்த வேண்டிய முதல் கோட்டையே தாண்டிப் போய்த்தான் கார் நின்றது. ஃபெயில்.

அம்மாவுக்கு விஷயம் விளங்க நேரம் ஆகவில்லை. ஆபீஸில் என் எதிரிலேயே கேட்டார்.

“இத்தன நாளா வண்டிய நிறுத்துனது யாரு? நானா, நீயா?”

“லேசாத்தாம்மா மிதிச்சேன். நீ பயந்துடக் கூடாதேன்னு...”

“நான் எங்கடி பயந்தேன்? நீதான் பயந்த. என்னப் பொம்மையாட்டம் உக்கார வச்சிருந்திருக்க.”

அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபமும் அவள் மேல்தான் வந்தது, பாவமாக இருந்ததும் அவளைப் பார்த்துத்தான்.

மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் இடமிருந்தது. வேறு ஆளை வைத்துச் சொல்லித்தருகிறேன் என்றேன். அம்மா மசியவில்லை.

“இவதான் சொல்லித்தரணும் தம்பி. காலத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டு.”

முதலாளிக்குத் தெரிந்தால் எல்லார் சீட்டையும் கிழித்துவிடுவார் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? அவள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மேட்டில் வண்டி பின்னால் உருண்டிருக்கிறது, பின்னாலிருந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறான். இவள் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாளாம். அம்மா பிரேக்கை மிதித்து நிறுத்தினார், என்ஜின் அணைந்தது, லாரிக்காரனைத் திட்டினார், மறுபடி கிளப்பினார். கார் மேடு ஏறியது.

“சும்மா உக்காந்திருக்கறது இவ்ளோ கஷ்டம்னு தெரியாதுண்ணே, உயிர் போய் உயிர் வந்துச்சு,” என்றாள் என்னிடம்.

இரண்டாவது டெஸ்டில் அம்மா பாஸ். நான் அதைக் கொண்டாடுவதற்குள் அடுத்து ஓட்டக் கற்க வேண்டியவர் வந்து கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தார். கார் வந்தபாடில்லை. பிரேக்குக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தார்.

“எங்கம்மா இருக்கீங்க? இங்க ஒருத்தர் என்ன முழுங்கிடுவார் போலருக்கு.”

“வீட்டு வாசல்லதான் தம்பி. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். கொஞ்சம் மெதுவாப் பேசு.” அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. “பின்சீட்டுல எம் புள்ள அசந்து தூங்குறா.”

“எழுப்பாதீங்கம்மா,” என்றேன். வந்தவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.