கொட்டாஞ்சேனைக்குப் போன சாப்பாடு

அம்மா இறந்த பிறகு அப்பா யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களோடு இருக்க வந்தார். சாப்பாட்டில் அவருக்கு மனம் போகவில்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் நாலு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். நீரிழிவு வேறு அவரை ஆட்டிப் படைத்தது. நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பார்.

பக்கத்து பிளாட் மாமிதான் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அப்பாவுக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அன்று அன்னதானத்துக்குப் பரிமாற ஆள் போதாமல் யாரோ அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்திருக்கிறார்கள். தபாலதிபராக இருந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி முழுக்க ஊற்றியிருக்கிறார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது.

அங்கேதான் ஒருவரைச் சந்தித்தார்; அப்பா அவரை அண்ணை என்றே அழைப்பார். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்தார். புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவார். சோறு போடுவது அவர் பொறுப்பு. எல்லாரும் எழுந்த பிறகு, பரிமாறியவர்களுக்கென்று ஒரு கடைசிப் பந்தி. அதில் இருவரும் அருகருகே உட்காருவார்கள்.

"ஐயா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க."

"ஐயா எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை. நான் உங்களுக்கு இளையவன்."

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் ஐயா என்றுதான் அழைப்பாராம்.

சில மாதங்களில் அப்பா வீட்டிலும் நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கினார்; சீனி கட்டுக்குள் வந்தது, முகம் தெளிந்தது. டொக்டர் மருந்தைக் குறைத்துவிட்டு, "அப்பிடி என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

"சனத்தோட இருந்து சாப்பிடுறன்" என்றார் அப்பா.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. சோதனைகள் இறுகின. அண்ணையின் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தது. கொழும்பில் என்ன வேலை என்று கேட்டு அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, பொலிசில் இரண்டு நாள் வைத்திருந்த பிறகே விட்டார்கள். அதோடு மகள் அவரை வீட்டை விட்டு வெளியே விடவில்லை.

அப்பா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் சோற்றையும் கறிகளையும் சாப்பாட்டுக் கரியரில் அடுக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார். வழியில் ஒரு ஆமிக்காரன் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தானாம். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கோயில் சாப்பாடு என்று சொல்ல, போகச் சொல்லிவிட்டான்.

இருவரும் அண்ணையின் சின்ன அறையில் பாயில் இருந்து சாப்பிட்டார்கள். அண்ணை பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"நீங்க வந்தது சந்தோசங்க. ஆனா பந்தி ஞாபகமாவே இருக்கு. நாலு பேரு சத்தம் இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகும் அப்பா போனார். வீதி மூடிய வாரங்களில் போக முடியவில்லை. போகும்போதெல்லாம் அண்ணை இன்னும் மெலிந்திருந்தார். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, அதிலேயே போய்விட்டார்.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள், அண்ணையின் மகள் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுத்திருந்தார். அப்பாவோடு நானும் போனேன். வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தாண்டினால் கோயில். நடுவில் ஒரு சோதனைச்சாவடியும் இல்லை. மண்டபத்தில் நீளமாகப் பந்தி போட்டிருந்தார்கள். பரிமாறியவரிடம் அப்பா கேட்டார்:

"இது இண்டைக்கு மட்டுமோ?"

"இல்லீங்களே, வெள்ளிக்கெழம தோறும் போடுறோம். ரொம்ப வருசமா."

அப்பா அண்ணையின் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பகல்ல வேலைக்குப் போயிருவேங்க. மத்தியானம் இங்க நடக்கிறது அப்ப எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கையப் புடிச்சுக் கூட்டியாந்து உக்கார வச்சிருப்பேன்."

அப்பா இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு சொன்னார்.

"பக்கத்தில பந்தி போடுற கோயில் இருக்கோ எண்டு அங்க ஒருத்தரிட்டயாவது விசாரிச்சிருக்கலாம் பிள்ளை. கரியரைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன். குறை சோறில்லை, பந்திதான் எண்டு அந்த மனிசன் வாயாலயே சொன்னவர்."

எங்கள் யாருக்குமே அது தோன்றவில்லை என்று நான் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அப்பா தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். கால் இடம் கொடுத்த மட்டும் வெள்ளிக்கிழமைகளில் பரிமாறினார். இவ்வளவு காலம் இருப்பதற்கு அவருடைய சாப்பாட்டுப் பழக்கத்தைப் புகழ்ந்து யாராவது கதைக்கத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"அண்ணை என்னைவிட உரமான ஆள்," என்பார். "அவர் இருந்திருக்கவேண்டியவர்."