வேல் குத்திய நாளில் கேட்ட பாஸ்வேர்ட்

கம்ப்யூட்டரைப் பராமரிப்பது பெரிய வேலையே இல்லை. அதன் பாஸ்வேர்டை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதுதான் உயிரை வாங்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளில் சிங்கப்பூரின் கிளமெண்டி பக்கம் ஒரு கல்லூரி. ஒரே கம்ப்யூட்டரை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள, அதன் முழு அதிகாரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

பெரியவருக்கு உண்டு

துறைத் தலைவர் ஒருவர் முழு அதிகாரம் கேட்டு மூன்று கடிதம் எழுதினார். பயந்துகொண்டே கொடுத்தேன். ஓய்வு பெறும் நாள்வரை ஒரு தடவைகூட அவர் உள்ளே நுழையவில்லை. ஏன் சார் என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு தம்பி அது? இருக்குன்னு தெரிஞ்சா போதும் லா."

ஸ்டெல்லாவுக்கு இல்லை

என்னோடு வேலை பார்த்த ஆப்பரேட்டர் ஸ்டெல்லா. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிற பெண். கம்ப்யூட்டரில் என்னைவிடக் கெட்டிக்காரி. அதுதான் எனக்குக் கசந்ததோ என்னவோ, அவள் பாஸ்வேர்ட் கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"நீங்க லீவுல இருக்கும்போது மெஷின் நின்னா, நான் என்ன அண்ணே, சாமிகிட்டயா போய் கேக்குறது?"

டோபி காட்டில்

என் மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டேன். அவள் தேறியதும் அந்தத் தைப்பூசத்தில் லீவு போட்டு நாக்கில் வேல் குத்திப் பால்குடம் எடுத்தேன். ஊர்வலம் போகும் வழியில், டோபி காட் என்ற இடத்தருகே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டெல்லா ஓடி வந்தாள். "அண்ணே, டிஸ்க் நிறைஞ்சு மெஷின் நின்னுடுச்சு! பசங்க அஞ்சு மணிக்குள்ள தீசிஸ் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும், அழறாங்க. சரி பண்ண எனக்குத் தெரியும், பாஸ்வேர்ட்தான் இல்ல."

வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. என் பிடிவாதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒரு கையால் தலையிலிருந்த குடத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பேனாவை வாங்கி அவள் உள்ளங்கையிலேயே எழுதினேன். அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது என் மகளின் பெயர்.

"பாப்பா நல்லா இருப்பா அண்ணே. மெஷினை நான் பாத்துக்கறேன், நீங்க நடங்க."

மறுநாள்

தீசிஸ் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. யார் என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பதிவைப் பார்த்தேன். வேண்டாத பழைய ஃபைல்களை அழித்து இடம் பண்ணிவிட்டு உடனே வெளியே வந்திருந்தாள். வேறு எதையும் தொடவில்லை. அவள் வந்ததும் வராததுமாக என் மேஜை முன்னால் நின்றாள்.

"கையில இருந்ததைக் கழுவிட்டேன் அண்ணே, மனசுல இருக்கு. பாஸ்வேர்டை மாத்திடுங்க."

மாற்றினேன், கையோடு அவள் பெயருக்கே முழு அதிகாரமும் கொடுத்தேன். அதன்பிறகு எத்தனை நாள் லீவு போட்டாலும் என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை என்பதுதான் எனக்கு ஒரே வருத்தம்.