முதல் குரலுக்குப் பதில்

கித்துல்கலவுக்கு மேலே, எங்கள் இறப்பர் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருட்டு பிரியுமுன் மலையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது. மனிதர் என்றால் மறுபடி கூப்பிடுவார். பேய் ஒருமுறைதான் கூப்பிடும்.

பக்கத்து வீட்டு பிரேமலதா அக்கா, ஞாயிறு ஜெபத்துக்குத் தவறாதவர். இருட்டோடு மரங்களில் பால்வெட்டப் போன ஒரு காலையில் அவருடைய பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அக்கா வெட்டுக்கத்தியைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றார். குரல் மறுபடி வரவில்லை.

பயம் போன பிறகுதான் தவிப்பு தொடங்கியது.

"பெத்தவங்ககூட என்னைய அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டதில்ல தங்கச்சி. ஆண்டவர்தான். நான் பதில் சொல்லாம நின்னுட்டேன்."

அன்றிலிருந்து எந்த முதல் குரலுக்கும் பதில் சொல்லிவிடுவார். தோட்டத்துப் பிள்ளைகள் ஒளிந்திருந்து கூப்பிடும். "இருக்கேன் ஆண்டவரே" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள்.

"ஒனக்கு பிஸ்ஸு, முழுப் பைத்தியம். ஒருநாளைக்குப் பேய் அடிக்கத்தான் போகுது" என்பார் அவர் கணவர் ஸ்ரீதரன் அண்ணன்.

"பேயின்னா அடிச்சிட்டுப் போகட்டும். அவரா இருந்து, இன்னொருக்காவும் நான் வாய மூடிக்கிட்டு நின்னா?"

நான் கேம்பஸுக்குப் படிக்கப் போகவும் வேலை கிடைக்கவும் ஜெபித்திருக்கிறேன். கடவுளே வேண்டும் என்று கேட்டு ஜெபித்தேனா என்று தெரியவில்லை.

போன மாதம், குரல் வந்த அந்த மலையின் கிழட்டு மரங்களை வெட்ட ஆள் வந்தது. மரங்கள் போய்விட்டால் ஆண்டவர் எங்கே வந்து கூப்பிடுவார் என்று அக்கா சாப்பாட்டை விட்டார். ஸ்ரீதரன் அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஒளிஞ்சு நின்னு நானே ஒருக்காக் கூப்பிட்டுறவா? நிம்மதியாயிருவா."

மறுநாள் விடியுமுன் அவரோடு போனேன்.

பனி மூடியிருந்தது. நிற்கும் மரங்களும் வெட்டிய அடிக்கட்டைகளும் ஒன்றாகவே தெரிந்தன. அக்கா முன்பே வந்து நடுவில் நின்றார். அண்ணன் ஒரு மரத்தின் பின்னாலிருந்து குரலை மாற்றிக் கூப்பிட்டார்.

"பிரேமலதா..."

எனக்கே அது அவர் குரலாகத் தெரியவில்லை.

அக்கா திரும்பவில்லை. "இருக்கேங்க. பனியில நிக்காதீங்க, இருமல் வந்துரும்" என்றார். பிறகு காட்டுப் பக்கம் முகத்தை உயர்த்தினார். "ஆண்டவரே, நானும் இங்கதான் நிக்கிறேன்."

மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையில் பனி சொட்டியது. வேறு சத்தமே இல்லை.

ஸ்ரீதரன் அண்ணன் மரத்தைவிட்டு வெளியே வந்தார். திட்டவில்லை. பனிக்குக் காதை மூடிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.